டைகாஸ்ட் கார் சேர்க்கவும் படமெடுக்கவும்: புதிதாக வருபவர்களுக்கு

என் அலமாரியில் இப்போது 83 டைகாஸ்ட் கார்கள், அதாவது உலோகத்தில் வார்த்த மாடல் கார்கள், நிற்கின்றன. அதில் குறைந்தது முப்பது நான் வாங்கியிருக்கவே கூடாதவை. நான்கு கார்களின் கண்ணாடிப் பகுதி மங்கிப்போய்விட்டது. ஒரு முன்பதிவுப் பணம் திரும்பி வரவே இல்லை. ஒரு பார்சல் சுங்கத்தில் இருபத்திரண்டு நாள் கிடந்தது. முதல் ஐந்து மாதம் எடுத்த படங்களில் ஒன்றைக்கூட யாருக்கும் காட்ட முடியவில்லை.

எல்லாம் அவசரத்தில் நடந்தவை. கேட்டால் சொல்ல ஒருவர் இருந்திருந்தால் பாதியாவது தவிர்ந்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். நான் இருப்பது சென்னையில். விலை, வெயில், ஈரப்பதம் எல்லாம் இந்த ஊர்க் கணக்கில் இருக்கும். உங்கள் ஊருக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

கட்டுரை முழுக்க ஓடும் விதி ஒன்றுதான்: வாங்கிய காரை நோட்டில் பதிவு செய்து, படமெடுத்து முடிக்காமல் அடுத்த காரை வாங்காதீர்கள்.

1. முதலில் அளவைத் தீர்மானியுங்கள்

டைகாஸ்ட் என்பது துத்தநாகக் கலவை உலோகத்தை உருக்கி, அச்சில் அழுத்தத்தோடு செலுத்தி வார்ப்பது. காரின் மேலுடல் உலோகம். அடிப்பாகம் பல கார்களில் பிளாஸ்டிக்தான். கடையில் கார் என்று கேட்டால் முழு பிளாஸ்டிக்கும் வரும். சென்டி டாய்ஸின் அம்பாசடர் போன்றவை அழகானவை, நம் சாலையின் முகம் கொண்டவை, ஆனால் அவை டைகாஸ்ட் அல்ல.

பெட்டியில் 1:64, 1:43, 1:24, 1:18 என்று போட்டிருப்பதுதான் அளவு. 1:64 என்றால் நிஜக் காரில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு. நாலரை மீட்டர் நீளமுள்ள நிஜக் கார் 1:64-ல் 7 சென்டிமீட்டர் ஆகும். 1:43-ல் பத்தரை, 1:24-ல் ஏறக்குறைய 19, 1:18-ல் 25. வாங்குவதற்கு முன் வீட்டு அலமாரியை அளந்து பாருங்கள். மூன்றடிப் பலகையில் பக்கவாட்டாக நிறுத்தினால் 1:18 கார் மூன்றுதான் நிற்கும். 1:64 பத்துப் பன்னிரண்டு நிற்கும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதை இரண்டு முறை யோசியுங்கள். வீடு மாறும்போது 1:18 பெட்டிகள் ஒரு அறையையே அடைத்துக்கொள்ளும்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. ஹாட் வீல்ஸின் சாதாரண வரிசையில் எல்லாமே சரியான 1:64 கிடையாது. கார் பொதிந்து வரும் அட்டைக்குள் அடங்கும்படி நீளத்தை வைத்துக்கொள்கிறார்கள். அதனால் லாரியும் சின்னக் காரும் கிட்டத்தட்ட ஒரே நீளத்தில் வரும். டோமிகாவும் அப்படித்தான், ஆனால் ஒவ்வொரு காரின் அடியிலும் அதன் அளவை அச்சிட்டிருப்பார்கள். தனித்தனியாக வைத்திருந்தால் இது உறுத்தாது. இரண்டு வண்டிகளை ஒரே படத்தில் நிறுத்தினால்தான் தெரியும், ஏதோ தவறாக இருக்கிறதே என்று. அப்படிப் படம் எடுக்க ஆசை இருந்தால் மினி ஜிடி போல அளவைக் கவனமாகப் பின்பற்றும் நிறுவனங்களைப் பாருங்கள்.

என் யோசனை: சேர்ப்பதற்கு 1:64. படமெடுத்துப் பழக மட்டும் 1:24-ல் ஒரே ஒரு கார். பெரிய கார் போன் கேமராவுக்கு எளிது. தவறு எங்கே என்று உடனே கண்ணுக்குத் தெரியும்.

2. மாதத் தொகையும் ஒரு வரையறையும்

ஹாட் வீல்ஸ் சாதாரணக் கார், சேகரிப்பவர்கள் பேச்சில் மெயின்லைன், நான் கடைசியாக வாங்கியபோது 150-க்கும் 200-க்கும் நடுவில் இருந்தது. ரப்பர் டயர் போட்ட பிரீமியம் வரிசை அதைப் போல மூன்று, நான்கு மடங்கு. மினி ஜிடி ஆயிரத்தைத் தாண்டும். 1:18-ல் மைஸ்டோ, புராகோ போன்றவை சில ஆயிரங்கள். ஆட்டோஆர்ட் பக்கம் போனால் நல்ல போன் வாங்கும் பணம்.

மாதம் ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சினால் அடுத்த மாதத்தோடு சேரட்டும், அடுத்த மாதத்துப் பணத்தை இந்த மாதம் எடுக்காதீர்கள். நான் கணக்கு வைக்காமல் தொடங்கினேன். "நூற்றைம்பது ரூபாய்தானே" என்று வாங்கியதை எல்லாம் ஆறு மாதம் கழித்துக் கூட்டிப் பார்த்தபோது பதினோராயிரம் ஆகியிருந்தது. ஒரு நல்ல 1:18 காரின் விலை அது.

அடுத்தது வரையறை. எல்லாம் வாங்குகிறவருக்கு எதுவும் சேராது. ஒரே நிறுவனத்தின் கார்கள், அல்லது எண்பதுகளின் ஜப்பானியக் கார்கள், அல்லது நிறம் எதுவானாலும் போர்ஷே மட்டும், இப்படி ஏதாவது ஒன்று. நான் கடைசியில் வந்து நின்றது உழைக்கும் வண்டிகளில்: வேன், பிக்கப், ஜீப். டட்சன் 620 பிக்கப்பையும் லேண்ட் ரோவர் டிஃபெண்டரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றுதான் என் அலமாரிக்கு ஒரு முகம் வந்தது. வரையறையைத் தாளில் எழுதி பர்ஸில் வையுங்கள். கடையில் கை நீளும்போது அது உதவுகிறது.

3. எங்கே, எப்போது

சூப்பர் மார்க்கெட்டின் பொம்மைப் பகுதி, பெரிய புத்தகக் கடைகள், தெருமுனை ஃபேன்சி ஸ்டோர், பத்து நிமிடத்தில் கொண்டுவரும் செயலிகள், எல்லா இடத்திலும் கிடைக்கும். கடையில் வாங்குவதையே நான் விரும்புகிறேன். பெயின்ட் வழிந்திருக்கிறதா, சக்கரம் சாய்ந்திருக்கிறதா, அச்சிட்ட முகப்பு விளக்கு இடம் நகர்ந்திருக்கிறதா என்று கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். ஒரே மாடலில் நான்கு தொங்கினால் நான்கையும் பாருங்கள். வித்தியாசம் இருக்கும்.

சனி, ஞாயிறு மாலை போகாதீர்கள். எஞ்சியதுதான் கிடைக்கும். கடை ஊழியரிடம் "புதுப் பெட்டி எந்தக் கிழமை பிரிப்பீங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள். எங்கள் பகுதிக் கடையில் அது புதன் காலை. கலைத்துப் பார்த்ததைத் திரும்ப ஒழுங்காக மாட்டிவிட்டு வந்தால், அடுத்த முறை அவரே கூப்பிட்டுச் சொல்வார்.

செயலியில் வாங்கும்போது இரண்டு பொறிகள். படத்தில் ஒரு கார் இருக்கும், கீழே சிறிய எழுத்தில் "மாடல் மாறலாம்" என்று இருக்கும். அப்படியிருந்தால் வேண்டாம். இன்னொன்று, அட்டை மடங்கி வருவது. அட்டையோடு வைத்திருக்க விரும்புகிறவர்களுக்கு இது பெரிய இழப்பு. பிரித்து வைக்கிறவர்கள் கவலைப்பட வேண்டாம். படமெடுப்பதுதான் நோக்கம் என்றால் பிரித்துவிடுங்கள் என்பேன்.

சீல் பிரிக்காத பெட்டியை அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் எந்தக் கடைக்காரரும் விற்கக் கூடாது. 2011-ன் எடையளவு விதிகள் அப்படிச் சொல்கின்றன. "இது ரேர் பீஸ்" என்று கூடுதலாகக் கேட்டால் பில் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே பேச்சு முடிந்துவிடும். முடியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

4. போலியையும் ட்ரெஷர் ஹண்ட்டையும் கண்டுபிடிப்பது

2021 ஜனவரி 1 முதல், பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளில் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். பிஐஎஸ் கேர் என்ற அரசு செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய உரிமம் என்று தெரிந்துவிடும். கடையிலேயே நின்று பார்க்கலாம், ஒரு நிமிட வேலை. பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று அச்சிட்ட சேகரிப்பு மாடல்களில் இந்த முத்திரை இல்லாமலும் இருக்கலாம். அதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவு கட்ட வேண்டாம்.

போலி கையில் எடுத்தாலே லேசாக இருக்கும். அடிப்பாகத்து எழுத்துகள் மழுங்கியிருக்கும். ஹாட் வீல்ஸின் அடியில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் சேர்ந்த சின்னக் குறியீடு உண்டு. எழுத்து ஆண்டையும், இலக்கம் அந்த ஆண்டின் வாரத்தையும் குறிக்கும். பிரித்து விற்கும் காரை வாங்கும்போது அந்தக் குறியீட்டின் படத்தை விற்பவரிடம் கேளுங்கள். சாக்குச் சொன்னால் விட்டுவிடுங்கள்.

ட்ரெஷர் ஹண்ட் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஹாட் வீல்ஸின் சாதாரண வரிசைக்குள் கலந்து அனுப்பப்படும் அரிய கார்கள். இதில் இரண்டு வகை. சாதாரண வகையில் காரின் உடலில் வட்டத்துக்குள் ஒரு தீச்சுடர் இருக்கும். அட்டையில் காருக்குப் பின்னால் வெள்ளி நிறச் சுடர். சூப்பர் வகையில் உடலில் எங்கோ "டிஎச்" எழுத்துகள் இருக்கும், பெயின்ட் ஆழமாக மின்னும், டயர் ரப்பராக இருக்கும், அட்டையில் பொன்னிறச் சுடர். அட்டையைப் பிரித்து வேறு காரை உள்ளே வைத்து ஒட்டி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் குமிழின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். பசை திட்டுத்திட்டாகத் தட்டுப்பட்டாலோ, அட்டையின் மேல்தாள் உரிந்திருந்தாலோ வாங்க வேண்டாம். புதிதாக வந்தவர்கள் முதல் ஆண்டில் சூப்பரைத் துரத்த வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பணத்தில் பிடித்த பத்துக் கார் வரும்.

5. முன்பதிவும் தனி ஆளிடம் வாங்குவதும்

என் பணம் போனது இங்கேதான். ஒருவர் மினி ஜிடி காருக்கு முன்பணம் வாங்கினார். "மூன்று மாதத்தில் வரும்" என்றார். ஆறாவது மாதம் பதில் நின்றது, எட்டாவது மாதம் எண்ணே இல்லை. தொகை 700 ரூபாய்தான். ஆனால் என்னிடம் இருந்த ஆதாரம் ஒரு "ஓகே ப்ரோ" மட்டும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது: மாடலின் முழுப் பெயர், நிறம், மொத்த விலை, முன்பணம், தபால் செலவு, எதிர்பார்க்கும் மாதம், ரத்தானால் எத்தனை நாளில் பணம் திரும்பும், இந்த ஏழையும் ஒரே செய்தியில் எழுதி அவரிடம் ஒப்புதல் வாங்குங்கள். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பணம் அனுப்பியபின் வரும் பரிவர்த்தனை எண்ணையும் அதே கோப்பில் போடுங்கள். முன்பணம் விலையில் கால்பங்குக்கு மேல் கேட்டால் கொடுக்காதீர்கள். வெளியீடு தள்ளிப்போவது இந்தத் தொழிலில் சாதாரணம், அதற்காகச் சண்டை வேண்டாம். ஆனால் மாதம் ஒருமுறை நிலவரம் கேளுங்கள்.

பணத்தை அனுப்பியதும் ஆள் மறைந்துவிட்டால், அதே மணி நேரத்தில் 1930-க்கு அழையுங்கள். இணையப் பண மோசடிக்கான தேசிய எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். நான் இரண்டு மாதம் தயங்கினேன்.

பார்சல் வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுங்கள். முகவரிச் சீட்டு தெரிய வேண்டும், ஒட்டு நாடா வெட்டுப்படுவது தெரிய வேண்டும், கார் வெளியே வருவது வரை நடுவில் நிறுத்தக் கூடாது. உடைந்து வந்தது என்று சொல்ல இது ஒன்றுதான் சாட்சி.

6. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது

இந்தியாவில் பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023-ல் 70 ஆனது. வெளிநாட்டு விலையைப் பார்த்துவிட்டு "இங்கே கொள்ளையடிக்கிறார்கள்" என்று முதலில் நானும் நினைத்தேன். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு அந்தக் கோபம் பெருமளவு போய்விட்டது. சொந்த உபயோகத்துக்கு கூரியரில் ஒன்றிரண்டு வரவழைத்தால் அதற்கான வரி வேறு தலைப்பில் விழும், விகிதமும் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும். எனவே ஆர்டர் போடும் முன் கூரியர் நிறுவனத்திடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: வரி எவ்வளவு வரும், உங்கள் கையாளும் கட்டணம் எவ்வளவு, என்ன ஆவணம் வேண்டும்.

ஆவணம் என்றால் அடையாள, முகவரிச் சான்று. ஆதார், பான் போன்றவை. பார்சலில் உள்ள பெயரும் அட்டையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். என் பார்சலில் இனிஷியல் முன்னால், அட்டையில் பின்னால். இருபத்திரண்டு நாள் அதனால்தான். பணம் கட்டிய ரசீதையும், மாடல் பெயரோடு கூடிய பில்லையும் பிடிஎஃப்-ஆகத் தயாராக வைத்திருங்கள். கேட்ட அன்றே அனுப்பினால் வேலை நகரும்.

"கிஃப்ட் என்று எழுதச் சொல்லு, வரி வராது" என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். 2019 டிசம்பர் முதல் தபாலிலும் கூரியரிலும் பரிசு என்ற பெயரில் பொருள் வரவழைப்பது தடை செய்யப்பட்டிருக்கிறது. ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும்தான் விலக்கு. முழு வரி கட்டினால் மட்டுமே மற்றவை வரலாம். விலையைக் குறைத்து எழுதச் சொல்வதும் பொய் அறிவிப்புதான். பார்சல் தொலைந்தாலும் அந்தக் குறைந்த தொகைதான் இழப்பீடாக வரும்.

சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ உறவினர் வருகிறார் என்றால், பயணிகள் சாமான்களுக்கான வரியில்லா வரம்புக்குள் இரண்டு மூன்று கார் கொண்டுவரச் சொல்வது நல்ல வழி. பில்லை அவர் கையில் வைத்திருக்கட்டும். இருபது பெட்டி கொடுத்து அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

7. வீட்டுக்கு வந்தவுடன்

ஒரு நோட்டோ, போனில் ஒரு அட்டவணையோ போதும். வாங்கிய தேதி, மாடல், அளவு, விலை, யாரிடம், அடிக்குறியீடு, குறை ஏதும் உண்டா. பில்லைப் படமெடுத்து அதே இடத்தில். கார் ஒன்றுக்கு மூன்று நிமிடம் ஆகும். ஒரே காரை இரண்டாவது முறை வாங்குவது உடனே நின்றுவிடும்.

இப்போது பாதுகாப்பு. நம் ஊரில் இதுதான் முக்கியம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். துணி அலமாரியில் அந்துருண்டை போடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. நானும் கார் அலமாரியில் போட்டேன். நாப்தலின் ஆவி சில பிளாஸ்டிக் வகைகளை மென்மையாக்கி மங்கவைக்கும். நான்கு கார்களின் கண்ணாடி வெளுத்தது எனக்கு ஒரே மழைக்காலத்தில். கற்பூரமும் வேண்டாம். பூச்சிக்குப் பயமென்றால் அலமாரியைத் துடைத்து, இடுக்கை அடைத்து, மூடிவையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் சக்கரங்களை இணைக்கும் அச்சு இரும்பு துருப்பிடிக்கும், அட்டை வளையும், ஸ்டிக்கர் எழும்பும். மூடும் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். நிறம் மாறும் வகையை வாங்கினால் எப்போது காயவைக்க வேண்டும் என்று அதுவே காட்டும். ரப்பர் டயர் போட்ட பெரிய கார்களை பிளாஸ்டிக் தட்டின் மேல் ஆண்டுக்கணக்கில் நிறுத்தாதீர்கள். ரப்பரிலிருந்து எண்ணெய்ப்பசை கசிந்து தட்டோடு ஒட்டிக்கொள்ளும். நடுவில் வெள்ளைத்தாள் ஒன்றை வெட்டிப் போட்டாலே போதும். ஜன்னலுக்கு எதிரே அலமாரி வேண்டாம், சிவப்பு நிறம் முதலில் வெளுக்கும். நிஜக் காரின் டாஷ்போர்டில் மாடல் காரை வைப்பதும் அப்படியே. கத்திரி வெயிலில் ஒரு மதியம் போதும், ஒட்டியிருந்த உதிரிகள் உதிர்ந்துவிடும்.

பழைய காரில் பெயின்டுக்கு அடியில் மயிரிழை வெடிப்பும் உப்பலும் தெரிந்தால் அது உலோகத்துக்குள் இருக்கும் நோய். துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற அசுத்தம் கலந்ததால் உள்ளிருந்து அரிக்கும். மருந்து கிடையாது. பழைய பொருள் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் காரில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

8. படமெடுக்கத் தேவையானவை

போன் போதும். கேமரா இருந்தால் நல்லது, அதற்காக வாங்க வேண்டாம். நான் வாங்கியவை: சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் ஒரு சின்ன டிரைபாடும் எல்இடி விளக்கும் சேர்த்து ஆயிரத்துக்குள், காற்றூதும் ரப்பர் குமிழ், ஒரு மென்மையான பெயின்ட் பிரஷ், கண்ணாடி துடைக்கும் துணி, வெள்ளை தெர்மாகோல் ஒன்று, கறுப்பு சார்ட் இரண்டு, டிரேசிங் பேப்பர், பிறகு ஹார்டுவேர் கடையில் கறுப்பு உப்புத்தாள். எல்லாம் சேர்ந்து ஆயிரத்தைந்நூறு ஆகவில்லை.

உப்புத்தாள்தான் தார்ச்சாலை. எண் முக்கியம். 120-ஆம் எண் தாளின் துகள் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. அறுபத்து நான்கால் பெருக்கினால் நிஜத்தில் எட்டு மில்லிமீட்டர் ஜல்லி, சாலைக்குப் பொருந்தும். 1:18 காருக்கு 60-ஆம் எண். காரை அதன் மேல் உருட்டாதீர்கள், சக்கரம் தேயும். தூக்கித் தூக்கி வையுங்கள்.

இந்தப் பெருக்கல் கணக்கு எல்லாவற்றுக்கும் பொருந்தும். அரை மில்லிமீட்டர் கடற்கரை மணல், 1:64 காரின் பக்கத்தில் மூன்று சென்டிமீட்டர் கூழாங்கல்லாகிவிடும். காரின் மேல் தெளித்த ஒரு மில்லிமீட்டர் நீர்த்துளி எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாகிவிடும். மழைக் காட்சி வேண்டுமென்றால் காரை விட்டுவிட்டு உப்புத்தாளை மட்டும் நனையுங்கள். புழுதிக்கு, செம்மண்ணைக் காயவைத்து மெல்லிய துணியில் சலித்து எடுங்கள்.

9. வீட்டுக்குள் முதல் படம்

காரை ஊதி, பிரஷால் தட்டி, துணியால் விரல்ரேகையைத் துடையுங்கள். கண்ணுக்குத் தெரியாத தூசு படத்தில் பஞ்சுப் பொதியாகத் தெரியும். அதன்பின் காரைத் தூக்கும்போது ஓரங்களை மட்டும் பிடியுங்கள். 

ஜன்னலிலிருந்து வரும் வெளிச்சம்தான் சிறந்தது, நேர் வெயில் விழாத ஜன்னல். காலை எட்டிலிருந்து பத்து வரை எங்கள் வீட்டில் சரியாக இருக்கும். ஜன்னல் ஒரு பக்கம், எதிர்ப்பக்கம் தெர்மாகோல். இருட்டுப் பக்கம் மெல்ல எழும்பும். விளக்கு வைத்து எடுத்தால் ஒரே விளக்குதான். வெளியே ஒரு சூரியன்தான் இருக்கிறது, இரண்டு நிழல் விழுந்தால் பொம்மை என்று காட்டிக்கொடுத்துவிடும். விளக்குக்கு முன்னால் டிரேசிங் பேப்பரைப் பிடியுங்கள். படத்தில் கோடு கோடாக ஓடினால், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 வைத்துப் பாருங்கள், நின்றுவிடும்.

இப்போது கேமராவின் உயரம். என் ஐந்து மாதம் வீணானது இதைத் தெரியாததால்தான். நாம் நிஜக் காரைப் பார்ப்பது ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து. அதை 64-ஆல் வகுத்தால் இரண்டேகால் சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். லென்ஸ் அந்த உயரத்தில் இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால் மொட்டை மாடியிலிருந்து பார்ப்பதுபோல் ஆகிவிடும். போனைத் தலைகீழாகத் திருப்புங்கள், லென்ஸ் தரையோடு ஒட்டி வரும். 1:18 என்றால் எட்டு சென்டிமீட்டர்.

அடுத்த தவறு, கிட்டே போவது. மிகக் கிட்டே போனால் போன் தானாக அகல லென்ஸுக்கு மாறும், காரின் மூக்கு வீங்கித் தெரியும். அமைப்பில் தானியங்கி மேக்ரோவை அணைத்துவிட்டு, ஓர் அடியோ ஒன்றரை அடியோ பின்னால் வந்து இரண்டு மடங்கு அல்லது மூன்று மடங்கு ஜூம் வையுங்கள். கார் முழுவதும் தெளிவாக விழும் வாய்ப்பும் அதில் அதிகம். போர்ட்ரெய்ட் முறை வேண்டவே வேண்டாம், பக்கக் கண்ணாடியையும் ஆன்டெனாவையும் தின்றுவிடும். முகப்பு விளக்கின் மேல் தொட்டு ஃபோகஸைப் பூட்டுங்கள். வெள்ளைக் காருக்கு வெளிச்சத்தை ஒரு படி கூட்டுங்கள், கறுப்புக் காருக்கு ஒரு படி குறையுங்கள். இரண்டு விநாடி டைமரில் எடுங்கள், விரல் பட்ட அதிர்வு இருக்காது.

எடுத்ததும் பெரிதாக்கிப் பாருங்கள். பானெட்டில் மின்விசிறி தெரிகிறதா? கதவில் உங்கள் சட்டை தெரிகிறதா? காரின் பெயின்ட் ஒரு வளைந்த கண்ணாடி. கறுப்பு சார்ட்டை மேலே பிடித்தால் விசிறி மறையும். நான் அடர்நிறச் சட்டை போட்டுக்கொண்டுதான் எடுக்கிறேன். ஒரு காருக்கு முதலில் ஒரு மணி நேரம் ஆகும், பழகினால் இருபது நிமிடம்.

10. வெளியே கொண்டுபோய்

மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் எல்லார் வீட்டிலும் இருக்கும் அரங்கம். விடிந்து ஒரு மணி நேரத்துக்குள், அல்லது மாலை ஐந்தே காலுக்குப் பிறகு. அதற்கு நடுவில் சென்னை வெயில் நேர் உச்சியில் நிற்கும், சக்கரங்கள் கறுப்புக் குழியாகிவிடும்.

மாடல் காரை நிஜத் தெருவில் நிற்பதுபோல் எடுக்கும் வித்தையை எல்லாரும் கேட்கிறார்கள். 1:64 கார் லென்ஸிலிருந்து 30 சென்டிமீட்டரில் இருந்தால், அது 19 மீட்டர் தள்ளி நிற்கும் நிஜக் காரின் அளவில் தெரியும். உயரமும் ஒத்துப்போக வேண்டும். ஐந்தடி மதில் ஒன்றைத் தேடுங்கள். அதன் மேல் உப்புத்தாளை விரித்து, காரை வைத்து, லென்ஸைத் தாளுக்கு இரண்டேகால் சென்டிமீட்டர் மேலே பிடித்தால், லென்ஸும் தெருவில் நின்று பார்க்கும் கண்ணும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். மதிலின் விளிம்பு தெருவின் தரையோடு கலக்கும். மதில் தாழ்வாக இருந்தால் தெரு சரிவாகத் தெரியும். இதற்கு ஜூம் வேண்டாம், சாதாரண லென்ஸ். எனக்குச் சரியாக வர ஒன்பது நாள் ஆனது. பத்தாம் நாள் காலை, எதிர்வீட்டு வேப்பமரத்தடியில் டிஃபெண்டர் நின்றிருந்தது.

கடற்கரைக்குப் போனால், திரும்பியதும் ஈரத்துணியால் துடைத்து உலரவையுங்கள். உப்பு சக்கர அச்சைத் தின்றுவிடும். போக்குவரத்துள்ள சாலையில் காரை வைத்துக் குனிய வேண்டாம். தண்டவாளத்தின் மேல் வைத்து எடுக்க ஆசை வரும், படத்துக்கு அழகுதான். ஆனால் 1989 ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி அது அத்துமீறல். ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ உண்டு, உயிருக்கும் ஆபத்து. காவலாளி வந்து கேட்டால் காரை அவர் கையில் கொடுத்து, எடுத்த படத்தைக் காட்டுங்கள். இதுவரை என்னிடம் கோபப்பட்டவர் யாருமில்லை. ஒருவர் தன் பேரனுக்கு எங்கே கிடைக்கும் என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

11. படத்தைச் சரிசெய்து பதிவோடு சேர்ப்பது

ஸ்னாப்சீட் இலவசம், அதுவே போதும். முதலில் அடிவானத்தை நேராக்குங்கள். மிஞ்சிய தூசை ஹீலிங் கருவியால் எடுங்கள். நிறத்தை அதிகம் ஏற்றாதீர்கள், பெயின்டின் உண்மையான நிறம் பிறகு ஒப்பிடத் தேவைப்படும்.

அழகுப் படங்களைத் தவிர ஒவ்வொரு காருக்கும் நான்கு சாதாரணப் படங்கள் எடுத்து வையுங்கள்: முன், பின், ஒரு பக்கம், அடிப்பாகம். அடிப்பாகத்தில் குறியீடு படிக்கும்படி இருக்க வேண்டும். கோப்பின் பெயரில் உங்கள் நோட்டின் வரிசை எண்ணைப் போடுங்கள். பிற்பாடு காரை மாற்றிக்கொள்ளவோ விற்கவோ நினைத்தால் வாங்குகிறவர் கேட்பது இந்த நான்கைத்தான், கூடவே அன்றைய தேதி எழுதிய ஒரு துண்டுத்தாள் பக்கத்தில் இருக்கும் படத்தையும். தேதியில்லாத படத்தை நம்பி நீங்களும் பணம் அனுப்பாதீர்கள்.